வாயைத் திறக்கச் சொன்னவள்

எனக்கு எண்பத்து நான்கு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான்கு நான் பெற்றவை, இரண்டு என் நாத்தனார் செத்தபோது விட்டுப் போனவை. எது பெற்றது, எது வளர்த்தது என்று இன்றைக்கும் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அப்படித்தான் வளர்த்தேன். யார் முன்னாலும் நான் தலை குனிந்து நின்றதில்லை, ஒரே ஒருத்தியைத் தவிர. அவளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

அவள் பெயரை எங்கள் சந்தில் யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பல் அக்கா என்போம். ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. கிண்ணம் கழுவுவாள், ஊசிக்குப் பயந்து கத்தும் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஆறு நாள் வெள்ளைக் கவுன், ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குச் சேலை. எதில் வந்தாலும் அவள் மேல் கிராம்புத் தைல வாடை அடிக்கும்.

கைப்பையில் பேனா போல ஒரு சின்ன டார்ச் லைட் வைத்திருப்பாள். கூடவே ஒரு மிட்டாய் டப்பாவில், பிள்ளைகள் தின்று போட்ட ஐஸ்கிரீம் குச்சிகளைக் கொதிக்க வைத்துக் காயவைத்து அடுக்கியிருப்பாள். யாரைப் பார்த்தாலும் முதல் பேச்சு, "வாயைத் திற." அப்புறம்தான் சௌக்கியமா என்று கேட்பாள்.

அவர்கள் கோயிலில் ஒரு கல்யாணம். என்னையும் அழைத்திருந்தார்கள். எல்லாரும் வரிசையில் நின்று மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கிறார்கள். இவள் முறை வந்தது. "சிரிங்க மாப்ள. இன்னும் நல்லா" என்றாள். அவனும் பாவம், போட்டோவுக்கு என்று நினைத்துப் பல்லைக் காட்டினான். "கடைவாய்ப் பல்லு ரெண்டு சொத்தை. பொண்ணு வீட்டுல சொல்லிட்டீங்களா?" பெண்ணின் தகப்பனார் பக்கத்திலேயே நிற்கிறார். வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் கொல்லென்று சிரித்துவிட்டார்கள்.

"ஏன் அக்கா இப்படிப் பண்றீங்க?" என்று கேட்டால், "மூஞ்சியப் பாத்து என்னத்தத் தெரிஞ்சிக்கிறது? மூஞ்சிக்குத்தான் எல்லாரும் பவுடர் போட்டு வர்றாங்களே. வாய்க்குள்ள எவன் பவுடர் போடுறான்?" என்பாள்.

அவளுக்கு ஒரு பல்லும் சொந்தமில்லை. மேலும் கீழும் கட்டின பல். வாயைத் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளை முன்னால் உட்கார்ந்து, தன் பல் செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள். "நான் மொத்தத்தையும் குடுத்துட்டேன். நீ தொறந்தாவது காட்டு." பிள்ளை வாயைப் பிளந்துவிடும். அவளுக்கு அது போதும், டார்ச்சை அடித்துவிடுவாள்.

எங்கள் சந்தில் அவள் பார்க்காத வாய் ஒன்றுதான், என்னுடையது. நான் வெற்றிலை போடுகிறவள். "என் வாய் எனக்கு. அதுல வேற யாருக்கும் என்ன வேலை?" என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

அப்போது நாங்கள் இருந்தது சிராங்கூன் ரோட்டுக்கும் ஜாலான் புசாருக்கும் நடுவில் ஒரு பின்சந்து. சந்து முனையில் ஒரு பேட்டரிக் கடை. கடை என்றால் விற்கிற கடை இல்லை. பழைய கார் பேட்டரிகளைக் கோடாலியால் உடைத்து, தண்ணியைச் சாக்கடையில் கவிழ்த்து, உள்ளே இருக்கும் தகடுகளைச் சுரண்டி, பெரிய இரும்புச் சட்டியில் உருக்கிக் கட்டியாக ஊற்றுவார்கள். என் வீட்டுக்காரர்தான் அங்கே மேஸ்திரி. முதலாளியும் நம் ஆள்தான். தைப்பூசத்துக்குப் பந்தல் போட்டு மோர் ஊற்றுகிறவர். இதையும் எழுதி வைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில் வியட்னாமிலிருந்து படகில் தப்பி வந்தவர்களை வடக்கே செம்பவாங் பக்கம், வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்துவிட்டுப் போன வீடுகளில் வைத்திருந்தார்கள். பகலில் வெளியே போகலாம். ஏதாவது ஒரு நாடு கூப்பிட்டால் ஏறிப் போகலாம். மூன்று மாதத்துக்குள் போய்விடுவார்கள் என்று பேச்சு. அதில் நாலைந்து பெண்கள் எங்கள் பேட்டரிக் கடைக்குத் தகடு சுரண்ட வந்தார்கள். ஒருத்தி தன் பெண் குழந்தையையும் தூக்கி வருவாள். நாலு வயது இருக்கும். புருஷன் கடலிலேயே போய்விட்டான் என்று கையால் அலை காட்டிச் சொன்னாள்.

அம்மா வெறுங்கையால் தகடு சுரண்டுவாள். அந்தச் சாம்பல் நிறப் பொடி கீழே குவியும். குழந்தை அதில் உட்கார்ந்து தண்ணீர் விட்டுப் பிசைந்து, உருட்டி, பேட்டரி மூடியில் வைத்துச் சோறு ஆக்கி விளையாடும். விளையாட்டுச் சோற்றை வாயிலும் வைக்கும். எனக்குப் பார்க்கப் பொறுக்காது. மத்தியானம் ஆனால் கூட்டி வந்து கை கழுவிவிட்டு ரசம் சோறு பிசைந்து ஊட்டுவேன். அதற்கு அது உயிர். வாசலில் நின்று "ராச்சம், ராச்சம்" என்று கூப்பிடும். என் பெயரே ராச்சம் என்று நினைத்ததோ என்னவோ.

அந்த ரசம் வைத்த பானையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பித்தளைப் பானை. பித்தளையில் நேராகப் புளி கரைத்தால் களிம்பு ஏறி வயிற்றைக் கெடுக்கும். அதற்காகத்தான் உள்ளே ஈயம் பூசுவது. பிள்ளைகளுக்குக் கெடுதல் வரக்கூடாது என்றுதான் பூசுவது. ஈயம் பூசுகிறவர் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வருஷத்துக்கு ஒரு தரம் வருவார். அந்தத் தடவை, "கையில ஈயம் பத்தலைங்கம்மா, அடுத்த மாசம் வர்றேன்" என்றார். என் வீட்டுக்காரர், "ஈயத்துக்கா பஞ்சம்? எங்க கடையில கிடக்குற ஈயம் பத்தாதா?" என்று கடையில் உருக்கின கட்டி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். பூசுகிறவர் அதைப் புரட்டிப் பார்த்தார்.

"ஈயந்தானுங்களே?"

"பின்ன என்ன, தங்கமா?"

தன்னிடம் இருந்த கொஞ்சத்தோடு இதையும் சேர்த்து உருக்கிப் பூசிவிட்டார். பானை உள்ளே வழக்கமான பளபளப்பு இல்லை, கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது. ஆனால் ரசம் லேசாக இனித்தது. "என்னம்மா, கைப்பக்குவம் கூடிப்போச்சு" என்றார் என் வீட்டுக்காரர். நான் சிரித்துக்கொண்டேன்.

குழந்தைக்கு வயிற்று வலி வந்தது. சுருண்டு படுத்துக்கொண்டு, வலிக்குது என்பதற்குக் கடையில் கேட்டுப் பழகிய மலாய்ச் சொல்லில், "சாக்கிட், சாக்கிட்" என்னும். நான்கு நாளானாலும் வெளிக்குப் போகாது. முகம் வெளுத்தது. நான் ஓமத் தண்ணீர் கொடுத்தேன், விளக்கெண்ணெய் தடவினேன்.

அந்தத் தாயும் பல் அக்காவின் மதம்தான். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி அதே கோயிலுக்குப் பூசைக்கு வருவாள். ஒரு ஞாயிறு, கோயில் படியிலேயே அக்கா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்திருக்கிறாள். மறுநாள் வேலை முடிந்ததும் கவுனைக்கூட மாற்றாமல் எங்கள் சந்துக்கு வந்து நின்றாள்.

"இந்தப் புள்ள பகல்ல எங்க இருக்கு?"

"பேட்டரிக் கடையிலதான். ஏன் அக்கா?"

குழந்தையின் உதட்டைக் குச்சியால் தூக்கி எனக்குக் காட்டினாள். பல்லும் ஈறும் சேரும் இடத்தில், பேனாவால் இழுத்த மாதிரி நீலமும் கறுப்புமாக ஒரு கோடு.

"அச்சாபீஸ்ல எழுத்துக் கோக்குற ஒருத்தருக்கு இப்பிடி இருந்துச்சு. எங்க டாக்டர் என்னையக் கூப்பிட்டுக் காட்டுனாரு. ஈயம்மா இது. ஒடம்புல ஈயம் ஏறிப் போச்சு."

நான் சிரித்தேன். "ஈயம் ஏறுனா நல்லதுதானே அக்கா? என் பானைக்கு இப்பத்தான் ஏத்துனேன்."

"அந்த ஈயம் வேற, இந்த ஈயம் வேற."

"பேரு ஒண்ணு, சாமான் ரெண்டா? நல்லா இருக்கே உங்க கிளினிக்குத் தமிழு!"

சந்தே சிரித்தது. அந்தச் சிரிப்பை வாங்கிக் கொடுத்தவள் நான். பானைக்குப் பூசுவது வெள்ளீயம், பேட்டரியில் இருப்பது காரீயம், அது விஷம். வீட்டில் யார் முழுப் பெயர் சொல்கிறோம்? அவளும் சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. பானைக்குப் பூசின ஈயம் எங்கிருந்து வந்தது என்று அவள் அன்றைக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு அவள் மேல் இன்னும் இருக்கிறது. என் மேல் இருப்பதில் பாதிகூட இல்லை, ஆனால் இருக்கிறது.

அவள் என்னோடு வாதாடவில்லை. நேராகக் கடைக்குள் போனாள். "எல்லாரும் வரிசையா நில்லு. வாயைத் திற." கோடாலியும் கையுமாக நின்ற ஆம்பிளைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி திறந்தார்கள். என் வீட்டுக்காரர் உட்பட. டார்ச்சை அடித்துக்கொண்டே போனாள். "கோடு. கோடு. உனக்கு லேசா. உனக்குக் கோடு." முதலாளி உள்ளேயிருந்து வந்தார்.

"என்னக்கா, பல்லு புடுங்க இங்கயே வந்துட்டீங்க?"

"ஒங்க ஆளுங்க ஒடம்புல வெசம் ஏறுது. அந்தச் சின்னப் புள்ளைக்கு ரொம்ப ஏறிடுச்சு. கடைக்குள்ள வுடாதீங்க."

"நானா வரச் சொன்னேன்? அவங்க என்ன இங்கயேவா இருக்கப் போறாங்க? மூணு மாசத்துல பிளேன் ஏறிப் போற கேஸுலா. அங்க வெள்ளைக்கார டாக்டரு பாத்துக்குவான்."

என் வீட்டுக்காரரும் தன் பங்குக்குச் சொன்னார். "ஈயத்த லெட்டு லெட்டுன்றாங்க. பென்சில்ல இருக்குறதும் லெட்டுதான். ஸ்கூல்ல புள்ளைங்க தினம் கடிக்குதுங்க. செத்தா போச்சு?"

அவருக்குக் கோபத்தில் சொல்லத் தெரிந்தது அவ்வளவுதான். அந்த முதலாளியை நான் மன்னிக்கவில்லை. போகிற பிள்ளை என்றால் சாகிற பிள்ளையாகக்கூட இருக்கலாமா?

அக்கா அப்போதே குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கியிருப்பாள். தடுத்தது பெற்றவள். ஒரு நாட்டிலிருந்து அவர்களுக்கு அழைப்பு வந்திருந்தது, இன்னும் மூன்று வாரத்தில் பயணம். சீக்குப் பிள்ளை என்று தெரிந்தால் பெயரைப் பின்னால் தள்ளிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அக்காவின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, "நோ சிக். நோ சிக்" என்று அழுதாள். கடலில் புருஷனைக் கொடுத்தவள். எந்த வாயில் எதைப் பார்த்தாலும் ஊருக்கே சொல்லிவிடும் அக்கா அன்றைக்கு டார்ச்சை அணைத்துப் பைக்குள் போட்டாள்.

கடைசியில், "சரி. மூணு வாரம். ஆனா புள்ள கடைப் பக்கமே போகக் கூடாது" என்றாள். என்னைப் பார்த்தாள். "ஒன் வீட்டுல வச்சுக்கிறியா?"

வைத்துக்கொண்டேன். காலையில் தாய்க்காரி கொண்டுவந்து விடுவாள், சாயங்காலம் தூக்கிப் போவாள். சந்தில் யாரும் செய்யாததை நான் செய்கிறேன் என்று எனக்குப் பெருமை. ஒரு வேளை சாப்பிட்ட குழந்தைக்கு மூன்று வேளையும் என் கையாலேயே ஊட்டினேன். ராச்சம் கேட்டபோதெல்லாம் ராச்சம்.

அக்கா தினமும் வேலை விட்டு வந்து பார்த்தாள். முதல் வாரம் நகத்தைக் கடித்தாள். இரண்டாவது வாரம் டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்த்தாள், பேட்டரி போய்விட்டதோ என்று. "கடைக்கே போகல. பின்ன ஏன் கோடு கறுக்குது?" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "என் வீட்டுல நல்லாத்தான் பாத்துக்கிறேன் அக்கா. மருந்து சொல்லத் தெரியலைன்னா சும்மா இருங்க." அப்படிப் பேசினேன் அவளை.

மூன்றாவது வாரம், மத்தியானம், சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது குழந்தையின் கண் மேலே செருகியது. கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் வைத்த சோறு ஒழுகியது. பக்கத்துக் கடையிலிருந்து கிளினிக்குக்குப் போன் போட்டேன். அவள் டாக்ஸியிலேயே வந்தாள். குழந்தையின் தாய் அன்றைக்குப் பயணப் பேப்பர் வேலையாகப் போயிருந்தாள். அதே டாக்ஸியில் மூன்று பேரும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழந்தை அக்கா மடியில். அந்த டாக்ஸியில்தான் எனக்குப் புரிந்தது. யாரும் சொல்லவில்லை. பேப்பரில் சுற்றின கட்டி ஞாபகம் வந்தது, ஈயந்தானுங்களே என்று அந்த ஆள் கேட்டது ஞாபகம் வந்தது, ரசம் இனித்தது ஞாபகம் வந்தது. புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள்.

டாக்டர் கேட்டார், அக்கா தமிழில் சொன்னாள். குழந்தை எங்கே விளையாடும், எங்கே சாப்பிடும், என்ன பாத்திரம்? "கேம்ப்லதான் சாப்பிடும். அங்க செவுத்துல பழைய பெயிண்டு உரியுது. அதைச் சுரண்டித் தின்னும்" என்றேன். அந்த இடத்தை நான் கண்ணால் பார்த்ததுகூட இல்லை. கட்டி எடுத்து வந்தது தெரிந்தால் என் வீட்டுக்காரருக்கு வேலை போகும், போலீஸ் வரும், ஆறு பிள்ளைகள். இது ஒரு காரணம். இன்னொன்றும் உண்டு. என் கையால் ஊட்டியது விஷம் என்று ஒரு டாக்டர் முன்னால் ஒத்துக்கொள்ள எனக்கு முடியவில்லை.

அக்கா அதை டாக்டருக்குச் சொல்லவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"வாயைத் திற."

"அக்கா..."

"தொறம்மா."

திறந்தேன். மேசை மேல் இருந்த பஞ்சை எடுத்தாள். வெற்றிலைக் கறையை மெதுவாகத் துடைத்தாள், ஒரு குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி. டார்ச்சை அடித்தாள். கல்யாண வரிசையில் மாப்பிள்ளையின் சொத்தையைச் சத்தம் போட்டுச் சொன்னவள், என் காதருகே குனிந்து கேட்டாள்.

"ஒனக்கும் இருக்கு. நீ கடைக்குப் போறவ இல்ல. வீட்டுல எதுல?"

"பானையில" என்றேன். தலை தானாகக் குனிந்துவிட்டது.

அக்கா அதைச் சொன்னதும் டாக்டர் உடனே மருந்தை மாற்றினார். என்ன விஷம், எவ்வளவு நாளாக, எதில் என்று தெரிந்ததால்தான் பிழைத்தது என்றார்கள். நான் இன்னும் ஒரு நாள் பொய்யைப் பிடித்துக்கொண்டிருந்தால்? அந்தக் கேள்வியோடுதான் நான் இத்தனை வருஷமும் இருக்கிறேன்.

அதிகாரிகள் வந்து பேட்டரிக் கடையை மூடினார்கள். முதலாளி வேறு எங்கேயோ திறந்துவிட்டான் என்று கேள்வி. என் வீட்டுக்காரருக்கு வேலை போனது, ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. பானையை ஒரு ஆள் பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துப் போனான்.

விமானம் அவர்களை விட்டுவிட்டுப் போனது. அடுத்த ஞாயிறு கோயில் வாசலில், எல்லாரும் பார்க்க, அந்தத் தாய் அக்காவைப் பிடித்து உலுக்கினாளாம். அக்காதான் ஆஸ்பத்திரியில் காட்டிக்கொடுத்துப் பயணத்தைக் கெடுத்தவள் என்று. காலடியில் துப்பினாளாம். பானைக் கதை அவளுக்குத் தெரியாது. சொல்லவேண்டியவள் நான். நான் சொல்லவில்லை, சரி. அக்கா சொல்லியிருக்கலாமே! அவளும் சொல்லவில்லை. எச்சிலைத் துடைத்துக்கொண்டு உள்ளே பூசைக்குப் போய்விட்டாளாம். என் பங்கை ஏன் அவள் வாங்கிக்கொண்டாள்? யார் கேட்டது? அவளிடமே கேட்டேன். "அவளுக்கு இங்க சோறு போட்டவ நீ ஒருத்திதான். அதுவும் இல்லேன்னு ஆக்கணுமா?" என்றாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து அவர்களை ஒரு குளிர் நாடு எடுத்துக்கொண்டது. போகும் முன் குழந்தையைப் பார்த்தேன். நடந்தது, சிரித்தது. ராச்சம் மறந்துபோயிருந்தது. எந்தச் சொல்லும் சரியாக வரவில்லை. இப்போது அவளுக்கு வயது ஐம்பதை நெருங்கும். எழுதப் படிக்க வந்ததா? யாரிடம் போய்க் கேட்பேன்?

கேட்காமலே எனக்குத் தெரிந்த பதில் ஒன்று உண்டு. அதே பானையில் சாப்பிட்டவள் என் கடைக்குட்டி. அவளுக்கு அப்போது ஏழு வயது. என் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரியில் சோதித்தார்கள். மற்றவர்களுக்குக் கொஞ்சம், இவளுக்கு அதிகம். மருந்து கொடுத்தார்கள், ஈயம் மூளையையும் மந்தமாக்கும், படிப்பைக் கவனியுங்கள் என்றும் சொன்னார்கள். சரியாகிவிட்டது என்று நானே சொல்லிக்கொண்டு யாரிடமும் பேசாமல் விட்டேன். இரண்டு வருஷம் கழித்து, மூன்றாம் வகுப்பில் பிள்ளைகளைப் பிரித்தபோது அவளை மெதுவாகப் படிக்கிற வகுப்பில் போட்டார்கள். பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் கடிதத்தை மூத்தவன் படித்துச் சொன்னான். நான் அகப்பையால் அடித்தேன். மண்டு என்றேன், சோம்பேறி என்றேன். அக்கா அன்றைக்கு வந்திருந்தாள். என் கையைப் பிடித்தாள்.

"அடிக்காத. அது சோம்பல் இல்லைன்னு ஒனக்குத் தெரியும்."

"உங்களுக்குப் புள்ள இல்ல. எனக்குச் சொல்ல வராதீங்க" என்றேன்.

கையை விட்டுவிட்டாள். அதன் பிறகு என் வீட்டுப் படி ஏறவில்லை. புக்கிட் மேராவுக்குக் குடி போனாள். செத்த செய்தி வந்தது, போனேன். பெட்டிக்குள் படுத்திருந்தாள். வாயை அழகாக மூடி வைத்திருந்தார்கள்.

என் கடைக்குட்டி தன்னை மண்டு என்றே நம்பி ஐம்பது வயதைத் தாண்டிவிட்டாள். எழுதி நிரப்பச் சொல்லி எந்த ஃபாரம் வந்தாலும், "எனக்கு இதெல்லாம் ஏறாதும்மா" என்று தன் மகளிடம், என் பேத்தியிடம், நீட்டிவிடுகிறாள். சிரித்துக்கொண்டே சொல்கிறாள். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

கண்ணு, எழுதி முடித்துவிட்டேன். இந்தா, எடுத்து எனக்குப் படித்துக் காட்டு. எழுத்துப் பிழையைத் திருத்து, நான் செய்ததைத் திருத்தாதே. அகப்பை வருகிற இடத்தில் நிறுத்தாதே. உங்கம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமாகப் படி.